ஆறிய சோறும் இரண்டாம் அடுப்பும்

பினாங்குத் துறைமுகத்தில் மூட்டை சுமந்த தொழிலாளிகளின் பசியாற்றுவதற்காக, தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் காவடித் தடியின் ஒரு முனையில் சோற்றையும் மறுமுனையில் கறிவகைகளையும் தொங்கவிட்டுத் தோளிலே சுமந்துவந்து விற்ற ஆகாரமே, நாசி கண்டார் என்ற பெயரோடு இன்று ஜார்ஜ் டவுன் வீதிகளில் நிலைபெற்றிருக்கிறது. கேம்பல் வீதியின் ஹமீதியா உணவகம் 1907-லேயே தோன்றியது. சமைத்த பதார்த்தம் மணிக்கணக்கில் காத்திருந்து விலைபோக வேண்டிய இத்தொழிலில், சமைப்பதற்குச் சற்றும் குறையாத வித்தை சமைத்ததைக் காப்பது.

மறுபடி நன்றாகச் சூடாக்கிவிட்டால் எந்தக் கிருமியும் மடிந்துபோகும், பிறகு பயமில்லை என்ற நம்பிக்கை நம் வீடுகளில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. சோற்றைப் பொறுத்தவரை அந்த நம்பிக்கை அபாயகரமானது. மண்ணில் வாழ்ந்து அரிசியோடு உலைக்குள் வரும் பாசில்லஸ் சீரியஸ் என்னும் பாக்டீரியாவின் வித்திகள் கொதிநீரிலும் சாவதில்லை. சோறு ஆறத் தொடங்கி, பினாங்கின் பகற்பொழுதுக்கு இயல்பான 30 டிகிரி உஷ்ணத்தில் கிடக்கும்போது, அவை முளைத்துப் பல்கிப் பெருகுகின்றன. அவற்றுள் சில வகைகள் செரியூலைடு என்ற விஷத்தையும் சோற்றிலேயே சுரந்துவைக்கின்றன. முளைத்த பாக்டீரியாவை அடுப்பு கொன்றுவிடும். ஆனால் 121 டிகிரியில் 90 நிமிஷம் வைத்தாலும் சிதையாத அந்த விஷத்தை எந்தச் சமையலறை அடுப்பு அழிக்கும்? 1970-களின் தொடக்கத்தில் பிரிட்டனின் சீன உணவகங்களில் வறுத்த சோறு உண்டவர்கள் சில மணி நேரத்துக்குள் வாந்தியெடுத்து அவதிப்பட்ட காரணத்தை ஆராய்ந்தபோது, முதல்நாள் வடித்த சோற்றை இரவெல்லாம் வெளியே வைத்திருந்து மறுநாள் வாணலியில் புரட்டிய வழக்கமே குற்றவாளியாக நின்றது.

அந்த உணவகச் சமையற்காரர்கள் ஏன் குளிர்பெட்டியை நாடவில்லை என்பது கவனிக்கத் தக்கது. குளிர்ந்த சோறு கட்டிபட்டு விறைத்துப்போகிறது, உதிரியாக வராது. நம் வீட்டுப் பெண்மணிகளும் இதே காரணத்தைத்தான் சொல்கிறார்கள். வேகும்போது நீரை உறிஞ்சிக் குழைந்த மாப்பொருள், ஆறும்போது தன் மூலக்கூறுகளை மீண்டும் வரிசைப்படுத்தி இறுகுகிறது. அந்த இறுக்கம் குளிர்பெட்டியின் 4 டிகிரிக்கு அருகே மிக வேகமாக நடக்கிறது என்பதும் மெய்யே. ஆயினும் சோற்றின்மீது கையளவு நீர் தெளித்து, மூடியை இறுக மூடி, ஆவி எழும்பிச் சோறெங்கும் பரவும்வரை சூடாக்கினால், அந்த இறுக்கம் பெரும்பாலும் அவிழ்ந்து பருக்கை மிருதுவாகிவிடுகிறது. குளிரினால் நேர்ந்த கெடுதி மீளக்கூடியது. வெளியே கிடந்ததால் நேர்ந்த கெடுதி மீளாதது. ஆகவே மிஞ்சிய சோற்றை ஆழமான பானையில் குவித்துவைக்காமல், அகன்ற தட்டில் இரண்டு விரற்கடைக் கனத்துக்குப் பரப்பி, ஓரிரு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் சேர்ப்பதே முறை. குவியலின் மேற்பகுதி ஆறியிருந்தாலும் அதன் நடுப்பகுதி வெகுநேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும்; கிருமிக்கு வேண்டியதும் அந்த வெதுவெதுப்புத்தான்.

ஆட்டுக்கறியின் சுபாவம் வேறு. பெரிய அண்டாவில் மெல்ல ஆறும் குழம்பில், காற்றில்லாத அடிப்பகுதியில், குளோஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்ஜென்ஸ் என்னும் கிருமி 45 டிகிரி வாக்கில் அதிவேகமாகப் பெருகும். வயிற்றுப்போக்கை உண்டாக்கும் இதன் விஷம் பெரும்பாலும் குடலுக்குள் சென்ற பிறகே சுரப்பதால், உண்பதற்குமுன் குழம்பு முழுவதும் 75 டிகிரியைத் தாண்டும்படி கொதிக்கவைப்பது இங்கே உண்மையிலேயே பலன் தருகிறது. இறைச்சியின் இணைப்புத்திசு முதற்சமையலிலேயே ஜெலட்டினாக உருகியிருப்பதால், மறுகொதியில் கறி மேலும் பதமாகுமே தவிர மோசமாவதில்லை.

கணவாய்க்கு, பினாங்கு வழக்கில் சோத்தோங்குக்கு, அந்தப் பாக்கியம் இல்லை. வெந்த கணவாயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் தசைநார் சுருங்கி, நீர் வெளியேறி, ரப்பராகிவிடும். வேண்டிய துண்டுகளை மட்டும் தனியே எடுத்துவைத்து, குழம்பை முதலில் தளதளவென்று கொதிக்கவிட்டு, பிறகு துண்டுகளைப் போட்டு, உள்ளே சூடேறிய உடனே இறக்கிவிட வேண்டும். கணவாய் மெல்லிய தசையாதலால் சூடு சீக்கிரமே உட்புகுந்துவிடும்.