உண்மைக்கு என்ன விலை?

கொலைச் சதியில் கலந்தவன் தன் குற்றத்தை ஒப்புக்கொண்டு, கூட்டாளிகளையும் காட்டிக்கொடுத்தால் அவனுக்கு எவ்வளவு தண்டனை தகும்? நமது தேசத்தாரின் நெஞ்சைச் சுட்ட கேள்வி இது.

2008ஆம் வருஷம் நவம்பர் 26 முதல் மும்பை மாநகரில் நடந்த படுகொலையில் 166 பேர் மாண்டனர். கொலைஞருக்கு முன்பே அங்கு வந்து, தாஜ் ஹோட்டல் முதலிய இடங்களைப் படம்பிடித்துச் சென்றவன் டேவிட் ஹெட்லி என்னும் அமெரிக்கப் பிரஜை. 2009 அக்டோபரில் சிக்காகோவில் பிடிபட்ட அவன், 2010 மார்ச்சில் தன் மீதிருந்த பன்னிரண்டு குற்றங்களையும் ஒப்புக்கொண்டு, அறிந்ததையெல்லாம் சொல்ல இசைந்தான். அதற்குப் பிரதியாக, மரண தண்டனை கோருவதில்லை, இந்தியாவிடம் ஒப்படைப்பதுமில்லை என்று அமெரிக்க சர்க்கார் வாக்களித்தது. 2013 ஜனவரியில் அவனுக்கு 35 வருஷச் சிறைவாசம் விதிக்கப்பட்டது.

"இவ்வளவுதானா!" என்று நம்மவர் கொதித்தது இயற்கையே. ஆயினும் 2015 டிசம்பரில் மும்பை நீதிமன்றமே அவனுக்கு மன்னிப்பளித்து அப்ரூவராக்கியது. மறு பிப்ரவரியில் அவன் வீடியோ மூலம் சாட்சியம் சொன்னான் என்பதையும் மறக்கலாகாது.

இம்முறை நமக்குப் புதிதன்று. காந்தியடிகள் கொலை வழக்கிலும் ஆயுத வியாபாரியான திகம்பர் பட்கே அப்ரூவராகித் தண்டனையினின்று தப்பினான்; கோட்சேயும் ஆப்தேயும் 1949 நவம்பர் 15ஆம் தேதி தூக்கிலிடப்பட்டனர்.

குறை எங்கே இருக்கிறது? நமது சட்டத்தில் அப்ரூவருக்குக் கிடைப்பது முழு மன்னிப்பு; பொய் சொன்னாலோ, முக்கியமானதை வேண்டுமென்றே மறைத்தாலோதான் அது பறிபோகும். மற்றவனோ, கொலை ருசுவானால், எவ்வளவு உதவியிருந்தாலும் ஆயுள் தண்டனைக்குக் குறையாமல் அனுபவிக்க வேண்டும். குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனையைக் குறைத்துக்கொள்ளும் ஏற்பாடு 2006இல் இங்கு வந்தது. ஆனால் ஏழு வருஷத்துக்கு மேற்பட்ட தண்டனைக்குரிய குற்றங்களுக்கு அது பொருந்தாது. 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதுச் சட்டமும் இதை மாற்றவில்லை. ஆக, நடுவழி என்பதே இல்லை.

சிக்காகோவில் தண்டனை விதிக்கும் நாளில், மும்பையில் குண்டடிபட்டுப் பிழைத்த மாது ஒருவர் நீதிபதி முன் நின்று தம் துயரை எடுத்துரைத்தார். இங்கோ, அப்ரூவருக்கு மன்னிப்பளிக்குமுன் இறந்தோரின் உற்றாரைக் கேட்க வேண்டுமென்று சட்டம் விதிக்கவில்லை.

உண்மைக்கு விலை கொடுத்தே ஆகவேண்டிய சமயங்கள் உண்டு. ஆனால் அந்த விலையை முழு விடுதலையாகக் கொடாமல், குறைந்த தண்டனையாக, பகிரங்கமாக, உற்றாரின் சொல்லையும் கேட்டுக் கொடுப்பதன்றோ நியாயம்? கணவனையோ மகனையோ இழந்த வீட்டாருக்கு ஓர் அரசு செய்யக்கூடிய குறைந்தபட்ச மரியாதை அதுவே.