தளர்ந்த கம்பி, பெரிய ஆபத்து

மூணாறில் தேயிலைத் தொழிற்சாலைகள் பல உண்டு. அருகே இருப்பது பள்ளிவாசல். 1940-இல் அங்கே ஒரு நீர்மின் நிலையம் தொடங்கியது.

தேயிலையை உருட்டும் இயந்திரம் மோட்டாரால் ஓடுகிறது. ஓடும்போது அதிர்கிறது. அதிர்வில் கேபிள் இழுபடும். இணைப்பு தளரும். தளர்ந்த இடம் சூடாகும். மேலுறை உருகும். தீப்பிடிக்கும். உருகிய கம்பி இரும்பில் பட்டால், இயந்திரத்தைத் தொடுபவரின் உயிருக்கே ஆபத்து.

எலக்ட்ரீஷியன் என்ன செய்வார்? முதலில் மெயினை அணைத்து, ஃப்யூஸைக் கழற்றி வைப்பார். மின்சாரம் இல்லை என்று சோதிப்பார். கம்பி நுனியில் ‘லக்’ பொருத்தி, திருகை இறுக்குவார். கேபிள் அசையாமல் பிடிக்க ‘கிளாண்ட்’ மாட்டுவார். எர்த் கம்பியையும் இணைப்பார்.

கருகிய வாடை வருகிறதா? இயந்திரத்தை நிறுத்துங்கள். எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். கம்பியை நீங்கள் தொடாதீர்கள்.