மழைமானி பூஜ்யம் காட்டினால் நம்பலாமா? பாலிக் புலாவ் ஆறுகளைக் கணினி படிக்கும் விதம்

2017 நவம்பர் 4ஆம் தேதியும் மறுநாள் அதிகாலையிலும் பினாங்கில் கொட்டிய மழையை இங்குள்ளவர்கள் இன்னும் மறக்கவில்லை. மாநிலத்தின் சில இடங்களில் 24 மணி நேரத்துக்குள் 300 மில்லிமீட்டருக்கும் மேல் பெய்தது. ஏழு பேர் உயிரிழந்தனர். அதன்பின் ஒவ்வொரு மழைக்காலத்திலும் பாலிக் புலாவ் வட்டாரக் கம்போங்குகளில் ஒரே கேள்விதான்: ஆறு இப்போது எந்த அளவில் இருக்கிறது?

இதற்கான விடை கைப்பேசியிலேயே கிடைக்கிறது. ஜேபிஎஸ் என்று நாம் சொல்லும் வடிகால், நீர்ப்பாசன இலாகா ‘இன்ஃபோ பஞ்சிர்’ தளத்தில் நாடு முழுவதுமுள்ள நிலையங்களின் மழை அளவையும் ஆற்று மட்டத்தையும் வெளியிட்டு வருகிறது. எண் ஒன்று, அதன் பக்கத்தில் ஒரு நிறம். பார்க்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த எண் திரைக்கு வருமுன் அதை நம்பலாமா என்று ஒரு மென்பொருள் முடிவு செய்தாக வேண்டும். வெள்ளக் கண்காணிப்பில் பாதி வேலை அதுதான்.

பாலிக் புலாவின் நில அமைப்பு இந்த வேலையைக் கடினமாக்குகிறது. பினாங்குத் தீவின் நடுவே 800 மீட்டருக்கும் மேல் உயர்ந்த மலைத்தொடர். அதன் மேற்குச் சரிவில் டுரியான், ஜாதிக்காய்த் தோட்டங்கள். சரிவு முடிந்ததும் வயல்களும் கம்போங்குகளும் கொண்ட தாழ்வான சமவெளி, அதையடுத்து கடல். ஆறுகள் குட்டையானவை. கெடாவிலிருந்து வரும் மூடா ஆறு 4,000 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நிலப்பரப்பின் நீரைச் சேர்த்துக்கொண்டு வருவதால், அங்கே வெள்ளம் கீழே இறங்க நேரம் பிடிக்கும். எச்சரிக்கவும் அவகாசம் இருக்கும். சுங்கை பினாங் போன்ற சிற்றாறுகள் அப்படிக் காத்திருப்பதில்லை. மலையில் அடைமழை பிடித்தால் சில மணி நேரத்துக்குள் தண்ணீர் வாசலில் நிற்கும். நாளுக்கு இருமுறை ஆள் போய் ஆற்றங்கரை அளவுப் பலகையைப் பார்த்துக் குறித்துவரும் பழைய முறை இங்கே உதவாது.

ஒரு நிலையத்தை அருகில் போய்ப் பார்ப்போம். கம்பத்தில் ஒரு சூரியத் தகடு. அதன் கீழே ஒரு பெட்டி. உள்ளே மின்கலம், தரவுப் பதிவுக் கருவி, சிம் கார்டு போட்ட மோடம். ஆற்று மட்டத்தை அளக்கப் பாலத்தின் அடியில் ரேடார் உணரியைப் பொருத்துவது உண்டு. அது அனுப்பும் அலை நீரில் பட்டுத் திரும்ப எடுக்கும் நேரத்திலிருந்து மட்டம் தெரியும். மழைமானி அதைவிட எளிமையானது. புனலுக்குக் கீழே துலாத்தட்டு போல இரண்டு குட்டிக் கிண்ணங்கள். ஒன்றில் அரை மில்லிமீட்டர் மழைக்கான நீர் சேர்ந்ததும் அது சாய்ந்து கொட்டிவிடும், மற்றது மேலே வரும். ஒவ்வொரு சாய்வும் ஒரு மின்துடிப்பு. துடிப்புகளை எண்ணிக் கூட்டினால் மழை அளவு.

அந்தப் புனலில் ஓர் இலை விழுந்து துளையை அடைத்துவிட்டது என்று வையுங்கள். மலையே மறையும் அளவுக்கு மழை கொட்டும், கிண்ணம் அசையாது, கருவி ‘0’ என்று அனுப்பும். தொடர்பு அறுந்திருந்தால் திரை வெறுமையாக இருக்கும், யாராவது கவனிப்பார்கள். பூஜ்யம் அப்படியல்ல, அது செய்தி போலவே தோற்றமளிக்கும். வெறும் எண்ணைச் சேமித்து வைக்கும் நிரலுக்கு இந்த வேறுபாடு தெரியாது. நல்ல மென்பொருள் பக்கத்து மழைமானிகளைக் கேட்கும்: சுற்றிலும் மணிக்கு 60 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும்போது நடுவில் ஒன்று மட்டும் பூஜ்யம் என்றால், அந்த எண்ணுக்குச் சந்தேகக் குறி இட்டு, பராமரிப்புக் குழுவுக்குத் தகவல் அனுப்பும்.

ஆற்று மட்டத்துக்கும் இப்படிச் சோதனைகள் உண்டு. மட்டம் ஒரே நொடியில் இரண்டு மீட்டர் ஏறி உடனே இறங்கினால், ரேடாருக்குக் கீழே மரக்கிளையோ குப்பையோ போயிருக்கலாம். மணிக்கணக்கில் ஒரே எண் அசையாமல் நின்றால் உணரி பழுதாகியிருக்கலாம். மின்கலத்தின் மின்னழுத்தம் இறங்கிக்கொண்டே வந்தால், நிலையம் எப்போது வாயடைக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லலாம். ஒரு விஷயத்தில் மட்டும் மிகுந்த கவனம் வேண்டும். சந்தேகத்துக்குரிய எண்ணை மென்பொருள் அழித்துவிடக் கூடாது. சிற்றாற்றில் உண்மையான திடீர் வெள்ளமும் முதலில் கருவிக் கோளாறு போலத்தான் தெரியும். மூலப் பதிவு அப்படியே இருக்க, திருத்தம் தனிப் பதிவாக, யார் எப்போது ஏன் திருத்தினார் என்ற குறிப்போடு இருக்க வேண்டும்.

இந்தத் துறைக்கென்றே உருவான மென்பொருள்கள் உண்டு. ஜெர்மனியின் கிஸ்டர்ஸ் நிறுவனம் தந்த ‘விஸ்கி’, கனடாவில் உருவான ‘அக்குவாரியஸ்’ ஆகியவை பல நாடுகளில் இருக்கின்றன. நம் ஜேபிஎஸ் நீரியல் பதிவுகளைப் பல ஆண்டுகள் நியூசிலாந்தின் ‘டிடெடா’ மென்பொருளில் வைத்திருந்தது. நேரத்தோடு மாறும் அளவுகளைப் பல்லாண்டுக் கணக்கில் காப்பதுதான் இவற்றின் பணி. எளிய வேலை போலத் தோன்றும். ஆனால் தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் 1982 ஜனவரி 1 அன்று அரை மணி நேரம் முன்னே தள்ளப்பட்டது. அதைக் கணக்கில் கொள்ளாமல் பழைய மழைப் பதிவையும் புதிய பதிவையும் ஒட்டினால், கடல் ஏற்றத்தோடு ஒப்பிடும் இடத்தில் அரை மணி தவறும்.

பாலிக் புலாவுக்கோ கடல் ஏற்றம்தான் முக்கியம். ஆற்று மட்டம் தெரிந்தால் எவ்வளவு நீர் ஓடுகிறது என்பதையும் கணக்கிட ஒரு வழி உண்டு: பல நாள்கள் மட்டத்தையும் ஓட்டத்தையும் சேர்த்து அளந்து, இரண்டுக்குமான வளைகோடு ஒன்றை வரைந்து வைப்பார்கள். மலையடிவாரம் வரை அந்தக் கோடு வேலை செய்யும். கடலோரச் சமவெளியில் கைவிட்டுவிடும். கடல் ஏறும்போது ஆறு வடிய முடியாமல் பின்னால் தேங்குகிறது. அதே மட்டம் ஒரு நாள் வேகமாக ஓடும் வெள்ளத்தைக் குறிக்கும், மறுநாள் அசையாமல் நிற்கும் நீரைக் குறிக்கும். ஆகவே இங்கே மலையின் மழை, ஆற்றின் மட்டம், கடல் ஏற்ற நேரம் மூன்றையும் ஒரே திரையில் வைத்துப் பார்க்கும் பகுப்பாய்வு வேண்டும். பெருமழையும் உச்ச ஏற்றமும் ஒரே நேரத்தில் வந்தால் வயல்வெளிக் கம்போங்குகள் மூழ்கும் என்பது அங்குள்ள மீனவர்களுக்கும் விவசாயிகளுக்கும் அனுபவத்தில் தெரிந்ததுதான்.

நீரின் தரம் வேறு கதை. சுற்றுச்சூழல் இலாகாவின் தரக் குறியீட்டில் ஆறு அளவுகள் உள்ளன: கரைந்த ஆக்சிஜன், உயிரிய ஆக்சிஜன் தேவை, வேதிய ஆக்சிஜன் தேவை, அமோனியா நைட்ரஜன், மிதக்கும் திடப்பொருள், கார அமிலத்தன்மை. உயிரிய ஆக்சிஜன் தேவையை முறைப்படி அறிய ஆய்வகத்தில் மாதிரியை ஐந்து நாள் வைத்திருக்க வேண்டும். நிகழ்நேரத் தரக் கண்காணிப்பு என்று யார் சொன்னாலும், எந்தெந்த அளவு நேரடியாக வருகிறது, எது மதிப்பீடு என்று கேளுங்கள். 2020 செப்டம்பரில் சிலாங்கூரில் சுங்கை கோங் ஆற்றில் கலந்த கழிவு நான்கு சுத்திகரிப்பு நிலையங்களை நிறுத்தி, சுமார் 12 லட்சம் இணைப்புகளில் குழாய் நீரை முடக்கியது. அங்கே சிக்கல் துர்நாற்றம். வழக்கமான உணரிகளுக்கு மூக்கு இல்லை.

எண் சரியாக இருந்தும் மக்கள் மூழ்கியதுண்டு. 2015 டிசம்பர் முதல் வாரம், சென்னை. செம்பரம்பாக்கம் ஏரியின் மட்டம் அதிகாரிகளுக்குத் தெரியாமல் இல்லை. விநாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறக்கப்பட்டபோது, அடையாற்றங்கரையில் இருந்த பலருக்குத் தெளிவான எச்சரிக்கை வந்து சேரவில்லை. அதற்குப் பிறகே சென்னைக்கென நிகழ்நேர வெள்ள முன்கணிப்பு அமைப்புகள் வந்தன. அளவீட்டுக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கை, அந்த எண்ணைக் கடைசி வீட்டுக்குக் கொண்டு சேர்ப்பதற்கும் செலவிட வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. புதிய உணரி வாங்கும்போது திறப்பு விழா நடக்கும். புனலிலிருந்து இலையை எடுக்க ஏணியில் ஏறும் ஊழியருக்கான செலவையோ வரவு செலவுத் திட்டத்தில் முதலில் வெட்டுகிறார்கள். இது மாற வேண்டும்.

வாசகர்கள் செய்யக்கூடியதும் உண்டு. ‘இன்ஃபோ பஞ்சிர்’ தளத்தில் ஆற்று மட்டத்துக்கு நான்கு படிகள்: நோர்மல், வஸ்பாடா, அமாரான், பஹாயா. அதாவது இயல்பு, விழிப்பு, எச்சரிக்கை, அபாயம். மலாய், ஆங்கிலம் படிக்கச் சிரமப்படும் தாத்தா பாட்டிகள் வீட்டில் இருந்தால் இந்த நான்கு சொற்களைச் சொல்லிக் கொடுங்கள். நிறத்தை மட்டும் பார்க்காமல், அளவு கடைசியாகப் பதிவான நேரத்தையும் பாருங்கள். மூன்று மணி நேரத்துக்கு முந்தைய பச்சை நிறத்தை நம்பித் தூங்கப் போகாதீர்கள். இன்னொன்று: சுங்கை பினாங் என்ற பெயரில் தீவில் இரண்டு ஆறுகள் உள்ளன, ஒன்று ஜார்ஜ்டவுனில், மற்றது பாலிக் புலாவில். தேடும்போது மாவட்டம் ‘பாராட் டாயா’ என்று இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்ட பிறகே எண்ணைப் படியுங்கள்.