பல்வலியும் ஒரு நாள் சம்பளமும்



பல்வலிக்கு ஒரு குணம் உண்டு. பகலெல்லாம் வேலைக்காட்டில் கம்மென்று இருக்கும். ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் பாயில் தலையைச் சாய்த்ததும் ஆரம்பிக்கும். விடிய விடிய உட்கார்ந்திருந்துவிட்டுக் காலையில் பெரட்டுக்குப் போனால், "என்னய்யா, கண்ணெல்லாம் சிவந்து கிடக்குது, ராத்திரி தண்ணியா?" என்ற கேலி வேறு!

ஒரு தோட்டத்தில் நடந்ததைக் கேளுங்கள். செம்பனைக் குலை வெட்டும் அண்ணன் ஒருவர். கடைவாய்ப் பல்லில் சொத்தை. முதல் நாள் கிராம்பு வைத்தார். இரண்டாம் நாள் தோட்ட டிரெசரிடம் பெனடோல் வாங்கி விழுங்கினார். மூன்றாம் நாள் யாரோ சொன்னார்கள் என்று ஆஸ்பிரின் மாத்திரையை ஈறிலேயே அடக்கிக்கொண்டு வேலைக்குப் போனார். (இது மகா தப்பு. வலி நிற்காது, ஈறு வெந்து புண்ணாகும்.) நாலாம் நாள் கன்னம் பன்னு மாதிரி வீங்கிவிட்டது. வேலை முடிந்து சாயந்திரம் டவுனில் தனியார் கிளினிக்குக்கு ஓடினார். மருந்து கொடுத்து, வீக்கம் வடிந்த பிறகு மறுபடி வரச்சொல்லிப் பிடுங்கினார்கள். இரண்டு நாள் சம்பளம் காலி.

"ஏண்ணே, கவர்மெண்ட் பல் கிளினிக் இருக்கே, மொத நாளே போயிருக்கலாமே?" என்று கேட்டோம்.

"காலையில போனாத்தான் நம்பர் கிடைக்கும். போனா அன்னைக்குப் பேரு விழாது. பல்லுக்கெல்லாம் எம்.சி. செல்லாதுன்னு மண்டோர் சொல்லிட்டாரு" என்றார்.

மண்டோர் சொன்னது தப்பு. இதைத்தான் இந்த மாதம் முக்கியமாக எழுத வந்தோம்.

1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் 60எஃப் என்று ஒரு பிரிவு இருக்கிறது. சம்பளத்தோடு கூடிய சிக் லீவைப் பற்றியது அது. இரண்டு வருடத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள். இரண்டு முதல் ஐந்து வருடத்துக்குள் என்றால் 18 நாள். ஐந்து வருடமும் அதற்கு மேலும் என்றால் 22 நாள். அதே பிரிவிலேயே, பல் டாக்டர் பார்த்துக் கொடுக்கும் லீவும் இதில் அடங்கும் என்று தனியாக எழுதியிருக்கிறது. பல்லுக்கென்று கூடுதல் நாள் கிடையாது. அந்த 14, 18, 22க்குள்ளேதான் கணக்கு. ஆனால் அன்றைய சாதாரணச் சம்பளம் உண்டு. தீபகற்ப மலேசியாவில் தோட்டத் தொழிலாளி எல்லாருக்கும் இது பொருந்தும். நம்மோடு வேலை செய்யும் அயல்நாட்டுத் தோழர்களுக்கும்தான். கூட்டு ஒப்பந்தத்தில் இதைவிட நல்ல ஏற்பாடு இருந்தால் அதுதான் செல்லும்.

இதில் இரண்டு முடிச்சு இருக்கிறது, கவனமாகக் கேளுங்கள். முதலாவது, லீவு தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் தோட்டத்துக்குத் தகவல் சொல்லவேண்டும், குறைந்தபட்சம் சொல்ல முயற்சி செய்திருக்கவேண்டும். சொல்லாமல் இருந்துவிட்டு மூன்றாம் நாள் எம்.சி.யை நீட்டினால், "அனுமதியில்லாமல் வராதவர்" என்று எழுத அவர்களுக்கு இடம் கொடுத்ததாகிவிடும். கிளம்பும்போதே மண்டோருக்கோ கிராணிக்கோ ஒரு போன் போடுங்கள். ஒரு செய்தி அனுப்பிவைத்தால் இன்னும் நல்லது, அது சாட்சியாக நிற்கும்.

இரண்டாவது, சீட்டில் வித்தியாசம் இருக்கிறது. பல் பிடுங்கினாலோ, வீங்கியிருந்தாலோ டாக்டர் எம்.சி. கொடுப்பார். பல் சுத்தம் செய்யவோ சின்ன அடைப்பு அடைக்கவோ போனால் பெரும்பாலும் 'டைம் சிலிப்'தான் கிடைக்கும். இத்தனை மணிக்கு வந்தார், இத்தனை மணிக்குப் போனார் என்று மட்டும் அதில் இருக்கும். அதை வைத்துக்கொண்டு முழுநாள் சம்பளம் கேட்டால் வாக்குவாதம்தான் வரும். உங்களுக்கு வேலை செய்ய முடியாத வலி, நிரையில் ஏறி இறங்க முடியாது என்றால் அதை டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். நம் ஆட்கள் டாக்டர் முன்னால் தலையாட்டிவிட்டு வெளியே வந்து புலம்புகிறார்கள்!

சரி, கிளினிக்குக்கு எப்படிப் போவது? பெரும்பாலும் 'கிளினிக் கெசிஹாத்தான்' வளாகத்திலேயே 'கிளினிக் பெர்கிகியான்' என்று பலகை மாட்டியிருக்கும். அடையாளக் கார்டு கையில் இருக்கட்டும். பிள்ளைக்கு மைகிட் அல்லது பிறப்புப் பத்திரம். குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் 1 வெள்ளி. சிகிச்சைக்கு ஏற்ப இன்னும் சில வெள்ளி ஆகலாம். செயற்கைப் பல் கட்டுவதற்குக் கட்டணமும் அதிகம், காத்திருக்கும் வரிசையும் நீளம். ஆகவே வேண்டும் என்று தெரிந்தால் உடனே பெயர் கொடுத்துவிடுங்கள். குடிமக்கள் அல்லாதவர்களுக்குக் கட்டணம் வேறு, கூடுதலாக இருக்கும். எவ்வளவு என்று கவுண்டரில் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

வலி, வீக்கம், ரத்தம், அடிபட்ட பல் என்றால் முன்பதிவு இல்லாமலே போகலாம். காலையில் கிளினிக் திறக்கும்போது நின்றால் நல்லது. அடைப்பு, சுத்தம் என்றால் தேதி கொடுப்பார்கள். பல கிளினிக்குகளில் கைபேசியில் மைசெஜாத்ரா வழியாகவும் தேதி எடுக்கலாம். வீட்டில் படிக்கிற பிள்ளையிடம் சொன்னால் செய்து கொடுக்கும். மலாய் அதிகம் வராத பாட்டிமார்களுக்கு நாலு சொல் போதும்: வலிக்கு 'சாகிட்', வீக்கத்துக்கு 'பெங்காக்', பிடுங்க 'சாபுட்', அடைக்க 'தம்பால்'.

வெறும் வயிற்றில் போகாதீர்கள். பல் பிடுங்க ஊசி போடுவார்கள் என்று பயந்து பட்டினியாகப் போய், நாற்காலியிலேயே மயங்கியவர்கள் உண்டு. இனிப்புநீர், ரத்தக்கொதிப்பு, இருதய நோய், ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை, கர்ப்பம், எதுவாக இருந்தாலும் சொல்லிவிடுங்கள். மாத்திரை உறையைக் கையோடு எடுத்துப் போவது உத்தமம். பிடுங்கிய பிறகு பஞ்சை அரைமணி நேரம் அழுத்திக் கடித்திருக்கவேண்டும். அன்றைக்கு வாய் கொப்பளிப்பது, சிகரெட், வெற்றிலை, சம்சு ஒன்றும் கூடாது. மறுநாளிலிருந்து உப்புத் தண்ணீர்.

வீக்கம் தாடைக்குக் கீழே இறங்கி, வாயைத் திறக்கவோ எச்சில் விழுங்கவோ முடியவில்லை, காய்ச்சலும் அடிக்கிறது என்றால் பல் கிளினிக் திறக்கும்வரை காத்திருக்காதீர்கள். நடுராத்திரியானாலும் பெரிய ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுதான். மூச்சுக்குழாய் அடைத்துக்கொள்ளும் ஆபத்து அது. வேலையில் குலையோ மட்டையோ விழுந்து பல் தெறித்தால், அந்தப் பல்லைத் தேய்க்காமல் பாலில் போட்டு ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுபோங்கள். ஆபீசில் விபத்தைப் பதிவுசெய்யவும் மறக்காதீர்கள், அது சொக்சோ விஷயம்.

"மேல்பல்லைப் பிடுங்கினா கண்ணு போயிடும்" என்று ஒரு கதை லயத்துக்கு லயம் சுற்றுகிறது. பல்லுக்குப் போகும் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. பல்லைப் பிடுங்கிக் கண் போவதில்லை. சொத்தையைச் சீழ்பிடிக்க விட்டால்தான் அது முகத்துக்குள் பரவும்.

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஏன் இத்தனை சொத்தை என்று கேட்பவர்கள் மிட்டாயை மட்டும் குறை சொல்கிறார்கள். தண்ணீரையும் பார்க்கவேண்டாமா? குழாய்த் தண்ணீரில் அளவோடு ஃபுளோரைடு கலக்கும் திட்டத்தை அரசாங்கம் 1972இல் நாடு முழுதுக்குமான கொள்கையாக ஏற்றது. அது பல்லை உறுதியாக்கும். ஆனால் அரசாங்கக் குழாய் வராமல், கிணறோ குளமோ ஆற்று நீரோ இறைத்துக் கொடுக்கும் தோட்டங்களில் அந்தப் பாதுகாப்பு கிடையாது. உங்கள் லயத்துத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கிளைக் கூட்டத்தில் கேளுங்கள். அதுவரை பற்பசை டியூப்பில் ஃபுளோரைடு என்று எழுதியிருக்கிறதா பார்த்து வாங்குங்கள்.

வெற்றிலை போடும் அம்மாக்களுக்கும் ஐயாக்களுக்கும் ஒரு வார்த்தை. வலி இல்லாவிட்டாலும் நீங்கள் போகவேண்டும். புகையிலை சேர்க்காத வெற்றிலைபாக்கும், வெறும் பாக்கும்கூடப் புற்றுநோய் தரும் என்று உலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004இல் அறிவித்துவிட்டது. நம் இனத்தாருக்குத்தான் இந்த நாட்டில் வாய்ப்புற்று அதிகம். வாய்க்குள் வெள்ளையாகவோ சிவப்பாகவோ திட்டு, இரண்டு வாரம் ஆகியும் ஆறாத புண், வாய் விரியத் திறக்க முடியாமை இருந்தால் அதே ஒரு வெள்ளிக் கவுண்டருக்குப் போய்க் காட்டுங்கள். வலிக்காத புண்தான் மோசமானது.

பள்ளிப் பிள்ளைகளுக்குப் பல் சிகிச்சை இலவசம். 1949இலேயே பினாங்கில் பல் தாதிகளுக்குப் பயிற்சிப் பள்ளி திறந்தார்கள். அந்த வழியில் வந்தவர்கள்தான் இன்று பல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தமிழ்ப்பள்ளிக்கும் வருகிறார்கள். ஆனால் பெற்றோர் கையெழுத்து இல்லாமல் பிள்ளையின் பல்லைத் தொடமாட்டார்கள். அந்த அனுமதிப் பாரம் மலாயில் இருக்கும். புரியவில்லை என்று நாம் ஓரமாக வைத்துவிடுகிறோம். ஊசிக்குப் பயந்த பிள்ளையோ அதை வீட்டுக்கே காட்டுவதில்லை. இன்று ராத்திரி புத்தகப்பையின் அடியில் ஒரு தடவை கையை விட்டுப் பாருங்கள்.