உங்களுக்குத் தெரியுமா? பைசா செலவில்லாமல் கடையைத் தேடி ஆள் வரும்!

கடை சின்னது. விளம்பரத்துக்குக் கையில் காசு இல்லை. ஆனாலும் ஆட்கள் தேடி வர வேண்டும்! வழி இருக்கிறது. அதன் பெயர் எஸ்.இ.ஓ.! கூகுளில் ஒருவர் தேடும்போது உங்கள் கடை மேலே வந்து நிற்கும் வித்தை. நோட்டீஸ் அடிக்க வேண்டாம், ஆட்டோவில் மைக் கட்ட வேண்டாம். பாதி வேலை உங்கள் செல்போனிலேயே முடிந்துவிடும். தோண்டித் தோண்டி எடுத்த முத்துகள் இதோ... அள்ளிக்கொள்ளுங்கள்!

அந்தக் கால அதிசயம்

★ 1878-ல் அமெரிக்காவின் நியூ ஹேவன் ஊரில் ஒரு டெலிபோன் டைரக்டரி வந்தது. மொத்தமும் ஒரே ஒரு அட்டை. அதில் போன் நம்பரே கிடையாது! இருந்த பெயர்கள் வெறும் 50!

★ எஸ்.இ.ஓ. கம்ப்யூட்டர் காலத்து வித்தை என்றா நினைத்தீர்கள்? மஞ்சள் பக்க டைரக்டரியிலேயே ஆரம்பித்துவிட்டது! அகரவரிசையில் முதலில் வர வேண்டுமே. அதற்காகவே அமெரிக்காவில் கடைக்கு 'ஏஏஏ' என்று பெயர் வைத்தார்கள். பிளம்பருக்கும் அதே பெயர், பூட்டு ரிப்பேர்காரருக்கும் அதே பெயர்!

★ இணையத்தின் முதல் தேடுபொறி எது? கூகுள் என்று சொன்னால் அவுட்! அதன் பெயர் 'ஆர்ச்சி'. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் படித்த ஆலன் எம்டேஜ் உருவாக்கியது. எம்டேஜ் பிறந்து வளர்ந்தது பார்படாஸ் தீவில். ஆர்ச்சி வந்த வருடம் 1990!

★ 1994-ல் யாகூ தொடங்கியபோது அதன் பெயர் 'ஜெர்ரி அண்ட் டேவிட்ஸ் கைடு டு த வேர்ல்டு வைடு வெப்'. இணையதளங்களை மனிதர்களே பார்த்து, கையாலேயே வகை பிரித்து அடுக்கினார்கள்!

★ கூகுளுக்கு முதலில் வைத்த பெயர் 'பேக்ரப்'. அதாவது, முதுகு பிடித்துவிடுவது! ஒரு பக்கத்துக்கு எத்தனை பக்கங்கள் லிங்க் கொடுத்திருக்கின்றன என்று பின்னால் போய்ப் பார்த்தது. அதனால் வந்த பெயர்!

★ லிங்க் என்பது இன்றைக்கும் ஓட்டு மாதிரிதான். உங்கள் ஊர் வணிகர் சங்கத்தின் தளத்தில் உங்கள் கடைக்கு ஒரு லிங்க் இருந்தால், உங்கள் கணக்கில் ஒரு ஓட்டு!

★ அந்த ஓட்டுக் கணக்கின் பெயர் 'பேஜ்ரேங்க்'. பேஜ் என்றால் பக்கம் என்றுதானே நினைப்பீர்கள்? அது கூகுளைத் தொடங்கிய லாரி பேஜின் பெயர்!

★ 'கூகால்' என்றால் ஒன்றுக்குப் பின்னால் 100 சைபர். அந்தச் சொல்லைத் திரித்துத்தான் கூகுள் பிறந்தது. 'கூகால்' என்று பெயர் வைத்தவர் கணித மேதை எட்வர்ட் காஸ்னரின் உறவுக்காரப் பையன். அப்போது அவனுக்கு வயது 9!

★ 1999-ல் கூகுளை எக்ஸைட் கம்பெனிக்கு விற்கப் பேச்சு நடந்தது. கடைசியாகச் சொன்ன விலை ஏழரை லட்சம் டாலர். 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டது எக்ஸைட்!

★ அந்தக் கூகுளுக்கு 2015 முதல் தலைமை வகிப்பவர் யார் தெரியுமா? மதுரையில் பிறந்த சுந்தர் பிச்சை!

மேப்பில் மேஜிக்

★ கூகுள் மேப்பில் உங்கள் கடையைச் சேர்க்க ஒரு பைசா வேண்டாம். 'பிசினஸ் ப்ரொஃபைல்' என்று பெயர். 2014-ல் 'மை பிசினஸ்' என்று வந்தது. 2021-ல் பெயர் மாறியது. கட்டணம் மட்டும் மாறவே இல்லை!

★ 'பணம் கொடுங்கள், மேப்பில் முதலிடம் வாங்கித் தருகிறேன்' என்று யாராவது வந்தால் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள். பணம் கட்டி அந்த வரிசையில் மேலே போக வழியே இல்லை. சொல்வது கூகுளே!

★ அப்படியென்றால் வரிசை எப்படி? பொருத்தம், தூரம், பிரபலம். முக்கியமானவை இந்த 3!

★ செல்போனில் 'பக்கத்தில் என்ன கடை இருக்கிறது' என்று தேடுகிறவர்களில் 100-க்கு 76 பேர் ஒரே நாளில் ஒரு கடைக்குள் நுழைந்துவிடுகிறார்கள். அந்தத் தேடல்களில் 28 சதவீதம் வியாபாரமாகவே முடிகிறது. கணக்கு கூகுளுடையது!

★ மேப்பில் கடையின் போட்டோ போட்டிருக்கிறீர்களா? போட்டோ உள்ள கடைகளுக்கு 'வழி எப்படி' என்று கேட்பவர்கள் 42 சதவீதம் அதிகம்! கடையின் இணையதளத்தைத் தட்டிப் பார்ப்பவர்கள் 35 சதவீதம் அதிகம்!

★ கடை திறந்திருப்பதற்கும் மார்க் உண்டு! தேடும் நேரத்தில் எந்தக் கடை திறந்திருக்கிறது என்பதையும் பார்த்துத்தான் வரிசை போடுகிறோம் என்று 2023-ல் கூகுள் ஒப்புக்கொண்டது. தீபாவளிக்கு முன்தினம் இரவு 11 மணி வரை வியாபாரமா? நேரத்தை உடனே மாற்றுங்கள்!

★ உங்கள் கடை என்ன கடை? ஒரே வகை சொல்லி நிறுத்திவிடாதீர்கள். முதன்மை வகை ஒன்று, கூடுதலாக 9. ஆக மொத்தம் 10! பால் பூத்திலேயே டீயும் விற்கிறீர்களா? இரண்டையும் சேர்க்கலாம்!

★ கடையைப் பற்றி எழுத இடம் தருகிறார்கள். 750 எழுத்துகள்! பலர் அதைக் காலியாகவே விட்டுவிடுகிறார்கள்!

★ கடைப் பெயரோடு 'ஊரிலேயே பெஸ்ட், விலை மலிவு' என்று வாலை ஒட்டாதீர்கள். போர்டில் இருக்கும் பெயர்தான் மேப்பிலும் இருக்க வேண்டும். மீறினால் கணக்கே முடங்கலாம்!

★ '5 ஸ்டார் போட்டால் ஒரு டீ ஃப்ரீ' என்று ஆசை காட்டுவதும் விதிமீறல். 2023-ல் மட்டும் கூகுள் தடுத்த, தூக்கிய விதிமீறல் ரிவ்யூக்கள் எத்தனை தெரியுமா? 17 கோடி!

சொல்லில் இருக்கிறது சூட்சுமம்

★ கூகுளில் தினமும் தேடப்படுவதில் 15 சதவீதம், அதற்கு முன் யாருமே தேடாத புத்தம்புதுத் தேடல்! நேற்றுக் கடை திறந்தவருக்கும் வாய்ப்பு காத்திருக்கிறது!

★ எங்கள் தெருவில் ஒரு கடை. போர்டில் அழகான தமிழில் 'நகலகம்'. மேப்பிலும் அதுவே. ஆனால் தெருவில் ஒருவராவது 'நகலகம் எங்கே' என்று கேட்டிருப்பாரா? 'ஜெராக்ஸ் கடை எங்கே?' இதுதான் கேள்வி! கடைக்கார அண்ணாச்சி பக்கத்திலேயே உட்கார்ந்து செல்போனைத் திறந்தோம். கடை விவரத்தில் ஜெராக்ஸ், லேமினேஷன், கலர் பிரிண்ட், ஸ்பைரல் பைண்டிங் என்று வரிசையாகச் சேர்த்தோம். போர்டை மாற்றவில்லை, பெயரை மாற்றவில்லை. ஒரு டீ ஆறும் முன் வேலை முடிந்தது. செலவு 0 ரூபாய்!

★ 'ஒலிபெருக்கி வாடகை' என்று எழுதாதீர்கள், 'மைக் செட்' என்று எழுதுங்கள். 'அடுமனை'யோடு 'பேக்கரி'யையும் சேருங்கள். வாடிக்கையாளர் வாயில் வரும் சொல்தான் எஸ்.இ.ஓ.வின் சாவி. அந்தச் சாவி தினமும் உங்கள் கல்லாவுக்கு முன்னால் நின்று பேசுகிறது!

★ ஊர்ப் பெயரே உங்கள் சொத்து! ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கும் பழனி பஞ்சாமிர்தத்துக்கும் 2019-ல் புவிசார் குறியீடு. கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020-ல். வெறும் 'மிட்டாய்' என்று தேடினால் உலகமே போட்டிக்கு வரும். 'கோவில்பட்டி கடலை மிட்டாய்' என்று தேடினால்? போட்டி ஒரே ஊருக்குள்!

★ 2020 ஜூனில் தமிழக அரசின் ஓர் உத்தரவு வெளியானது. ஊர்ப் பெயர்களை ஆங்கிலத்தில் தமிழ் உச்சரிப்புப்படியே எழுத வேண்டும் என்றது. சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. பட்டியலில் இருந்த ஊர்கள் 1,018!

★ திருச்சி, திருச்சிராப்பள்ளி, ட்ரிச்சி. தூத்துக்குடி, டூட்டிகோரின். ஆள் எப்படித் தேடுவார் என்று யாருக்குத் தெரியும்? உங்கள் தளத்தில் எல்லாப் பெயரும் ஓரிடத்திலாவது இருக்கட்டும்!

★ 'பக்கத்துல மாவு மில் எங்க இருக்கு?' டைப் செய்யவே வேண்டாம், பேசினாலே போதும்! கூகுள் குரல் தேடலில் தமிழ் சேர்ந்தது 2017-ல். ஒரே வீச்சில் சேர்ந்த மொழிகள் 30!

★ இணைய முகவரியின் வாலே தமிழில் இருக்கலாம்! '.இந்தியா', '.இலங்கை', '.சிங்கப்பூர்'. தமிழில் வால் வாங்கிய நாடுகள் 3!

யானைக்கும் அடி சறுக்கும்

★ தேடுபொறிக்கு ஒரு பக்கம், மனிதருக்கு வேறு பக்கம் என்று காட்டி ஏமாற்றினால்? 2006-ல் பி.எம்.டபிள்யூ.வின் ஜெர்மன் இணையதளத்தையே கூகுள் பட்டியலிலிருந்து தூக்கி எறிந்தது. கார் கம்பெனிக்கும் அதே சட்டம், கடலைக் கடைக்கும் அதே சட்டம்!

★ தளத்துக்குள் கண்ணுக்குத் தெரியாமல் எழுதும் சொல் பட்டியலான 'மெட்டா கீவேர்டு' எழுதித் தருகிறேன் என்று இன்றும் காசு வாங்குபவர்கள் உண்டு. வரிசை போட அதைப் பார்ப்பதே இல்லை என்று கூகுள் போட்டு உடைத்தது 2009-லேயே!

★ 2011-ல் தரமில்லாத தளங்களைப் புரட்டிப்போட்ட மாற்றத்தின் பெயர் 'பாண்டா'. கரடி ஞாபகத்தில் வைத்த பெயர் என்று நினைத்தேன். இல்லவே இல்லை! அதற்குப் பின்னால் இருந்த என்ஜினீயர் நவ்நீத் பாண்டா!

★ 2022-ல் மட்டும் கூகுள் தன் தேடலில் செய்த மாற்றங்கள் 4,725. ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 13!

★ ஒரே ஒரு சாய்கோடு உங்கள் தளம் முழுவதையும் தேடுபொறிக்கு மூடிவிடும்! தேடுபொறி எதைப் பார்க்கக் கூடாது என்று சொல்லும் 'ரோபாட்ஸ்' ஃபைலில் தடை வரிக்குப் பக்கத்தில் அது விழுந்தால் போதும். தளம் செய்து கொடுத்தவரிடம் இன்றே கேளுங்கள். அந்த ஃபைல் முறை வந்தது 1994-ல்!

★ செல்போனில் பக்கம் திறக்க 3 வினாடிக்கு மேல் ஆனால் என்ன நடக்கும்? 100-ல் 53 வருகைகள் கைநழுவிப் போகின்றன! பெரிய பெரிய போட்டோக்களைச் சுருக்கிப் போடுங்கள்!

இன்றைக்கே, இலவசமாக!

★ என்ன சொல் போட்டுத் தேடி உங்கள் தளத்துக்கு வந்தார்கள்? கூகுளே பட்டியல் போட்டுக் காட்டும். அதன் பெயர் 'சர்ச் கன்சோல்'. கட்டணம் கிடையாது!

★ எந்த மாதம் எந்தப் பொருளை அதிகம் தேடுகிறார்கள்? 'கூகுள் ட்ரெண்ட்ஸ்' சொல்லும். 2006 முதல் இலவசம்!

★ தளத்தில் போடும் போட்டோவின் பெயரைப் பார்த்திருக்கிறீர்களா? கேமரா கொடுத்த நம்பர்தான் இருக்கும். அதை 'மணப்பாறை முறுக்கு' என்று மாற்றிப் பாருங்கள். படத்தில் இருப்பது என்ன என்று ஊகிக்க கூகுள் அந்தப் பெயரையும் பார்க்கிறது!

★ கூகுளில் சேர்த்த கடையை மைக்ரோசாஃப்டின் 'பிங்'கிலும் சேர்க்கலாம். எல்லாவற்றையும் மறுபடி டைப் செய்ய வேண்டாம். கூகுளிலிருந்தே விவரங்களை அப்படியே இழுத்துக்கொள்ளும்!

★ பலன் எப்போது? நாளைக்கே என்று சொன்னால் நம்பாதீர்கள். பெரும்பாலும் 4 மாதம் முதல் 1 வருடம். இதுவும் கூகுள் சொன்னதே. தென்னங்கன்று வைத்தவருக்கா பொறுமையைச் சொல்லித் தர வேண்டும்!

★ 'முதலிடம் நிச்சயம்' என்று யாராலும் உத்தரவாதம் தர முடியாது. எத்தனை பேரால்? ஒருவரால்கூட முடியாது!

★ கடைசி முத்து, பெரிய முத்து! 1878-ல் அந்த அட்டையில் இருந்தது 50 பெயர். இன்று கூகுளின் பட்டியல் 10 கோடி ஜிகாபைட்டைத் தாண்டியது. அத்தனை பெரிய பட்டியலில் உங்கள் தெருமுனைக் கடைக்கும் ஓர் இடம் உண்டு. அதற்கு வாடகை? 0 ரூபாய்!