சிமேக் ஃபங்ஷன்: மதிப்பு எங்கே போகிறது?

சி++ புரோகிராம்களை விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் பில்ட் செய்ய உதவுவது சிமேக். ஒரே வரிகளைப் பல இடங்களில் காப்பி செய்வதற்குப் பதிலாக நான் ஃபங்ஷன் எழுதிக் கொள்கிறேன். 2008இல் 2.6 பதிப்பில் வந்த வசதி இது. அதுவரை மேக்ரோ மட்டும்தான்.

ஃபங்ஷன் என்று டைப் செய்து, அடைப்புக்குறிக்குள் முதலில் அதன் பெயரையும் அடுத்து ஆர்க்யுமெண்ட்களையும் கொடுங்கள். கமா வேண்டாம்; இடைவெளி போதும். எண்ட்ஃபங்ஷன் என்று முடியுங்கள். அழைக்கும்போது பெயரைப் பெரிய எழுத்தில் எழுதினாலும் சிறிய எழுத்தில் எழுதினாலும் ஒன்றுதான். வேரியபிள்களுக்கு இந்தச் சலுகை கிடையாது.

சிக்கல் இங்கேதான். ஃபங்ஷனுக்குள் செட் செய்த வேரியபிள், ஃபங்ஷன் முடிந்ததும் மறைந்துவிடும். எரர் செய்தியும் வராது! வெளியே அந்த வேரியபிளைக் கேட்டால், வெற்று மதிப்பு என்று எடுத்துக் கொண்டு சிமேக் போய்க்கொண்டே இருக்கும். டெஸ்ட் ஃபைல்களின் பட்டியல் இப்படித் தொலைந்தால், பில்ட் நல்லபடியாக முடியும்; ஒரு டெஸ்ட்டும் ஓடியிருக்காது.

செட் கட்டளையின் கடைசியில் பேரண்ட்_ஸ்கோப் சேர்த்தால் மதிப்பு வெளியே கிடைக்கும். (அந்தப் புது மதிப்பு ஃபங்ஷனுக்குள் தெரியாது, கவனம்.)

மேக்ரோவில் இந்தத் தொல்லை இல்லையே என்பீர்கள். உண்மைதான். ஆனால் மேக்ரோவுக்குள் ரிட்டர்ன் எழுதினால், அதை அழைத்த ஃபைலே பாதியில் நின்றுவிடும்.