ரெண்டு மணி நேரம் இருக்கு, உள்ளே வாங்க!

சுகர் கிளினிக் நாளில் ஏதாவது ஒரு அரசுத் தாலுகா மருத்துவமனைக்குக் காலை ஏழரை மணிக்குப் போய்ப் பாருங்கள். ஓபி சீட்டு வரிசை வாசலைத் தாண்டி நிற்கும். எல்லோரும் வெறும் வயிறு. எல்லோர் கையிலும் ஒயர் கூடை, கூடைக்குள் டிபன் பாக்ஸ். சுகர் சோதனைக்கு முதல் ரத்தம் கொடுத்ததும் வேப்பமரத்தடியில் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். முதல் வாய் வைத்த நிமிடத்திலிருந்து இரண்டு மணி நேரம் கழித்துத்தான் இரண்டாவது ரத்தம்.

அதுவரை என்ன செய்வது? இங்கேதான் கொண்டாட்டமே ஆரம்பிக்கிறது! என்சிடி (தொற்றா நோய்) கிளினிக் சிஸ்டர் எல்லோரையும் உள்ளே கூப்பிட்டு, அந்த இடைவெளியை அப்படியே வகுப்பாக மாற்றிவிடுகிறார். கண்ணைக் கசக்கிக்கொண்டு பெஞ்சில் சாய வேண்டிய நேரத்தை ஊரின் மிகச் சுவாரசியமான இரண்டு மணி நேரமாக ஆக்கிவிடுகிறார். நான் அவர் மேசைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். அடடா!

மேசைக்கு அடியில் ஒரு அட்டைப்பெட்டி. உள்ளே காலி கூல்டிரிங்க் பாட்டில்கள், சாத்துக்குடி, முகம் பார்க்கும் கண்ணாடி, அறுந்த ரப்பர் செருப்பு, பேனா மாதிரியான பிடியில் செருகிய நைலான் இழை. அப்புறம், பழைய காலண்டர் தாளில் மடித்த சின்னச் சின்னப் பொட்டலங்கள். ஒவ்வொன்றிலும் மூன்று டீஸ்பூன் சர்க்கரை. ஆமாம், சுகர் வகுப்பில் சர்க்கரைப் பொட்டலம்! விடிந்ததும் முதல் வேலையாக இதைத்தான் மடிப்பாராம்.

ஆனால் பெட்டி அப்புறம்தான். பாடம் டிபன் பாக்ஸில் தொடங்குகிறது. "யார் என்ன கொண்டு வந்தீங்க? மறைக்காம காட்டுங்க!" நான்கு இட்லி, சர்க்கரை தூவிய சேமியா, பழைய சோறு, கேழ்வரகுக் கூழ் எல்லாம் வெளியே வருகின்றன. கூழ் கொண்டு வந்த பாட்டி பெருமையோடு நிமிர்கிறார். சிஸ்டர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "கேழ்வரகு நல்லதுதான் பாட்டி, ஆனா நைசா அரைச்சுக் கூழாக் குடிச்சா சுகர் விறுவிறுன்னு ஏறிடும். கூடவே காயும் பயறும் சேர்த்துக்கணும்" என்கிறார். பாட்டி விடுவதாயில்லை. "அப்போ கருப்பட்டி?" உடனே பின்வரிசையிலிருந்து நாட்டுச் சர்க்கரை, தேன், மலைவாழை என்று கேள்விகள் பாய்கின்றன. கருப்பட்டியானாலும் தேனானாலும் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும் என்றதும் கூடமே "ஐயோ!" என்கிறது. நான் மிகவும் ரசித்த நிமிடம் அது. தொங்கும் அட்டையில் உள்ள உணவுத் தட்டுப் படத்தை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பாதித் தட்டு காய்கறி, கால் தட்டு பருப்போ முட்டையோ மீனோ, கால் தட்டு சோறு என்பதைச் சொந்த பாக்ஸைப் பார்த்தே அவர்கள் கணக்குப் போட்டுவிட்டார்கள்.

200 மில்லி கூல்டிரிங்க் பாட்டிலில் ஏறக்குறைய நான்கு டீஸ்பூன் சர்க்கரை என்று சிஸ்டர் கொட்டிக் காட்டும்போது, துணைக்கு வந்த பேரப்பிள்ளைகளின் முகத்தைத்தான் பார்க்க வேண்டும்!

நோயாளிக்கே பாடம் எடுக்க வேண்டும் என்பது பழைய ஞானம். பாஸ்டனில் டாக்டர் எலியட் ஜாஸ்லின் நோயாளிகளும் படிக்கவென்று 1918இல் கையேடு எழுதினார். இன்சுலின் கண்டுபிடிக்கவே அப்போது இன்னும் மூன்று வருடம் இருந்தது! நம் ஊரிலும் 1948லேயே சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் எம். விஸ்வநாதன் நீரிழிவுக்கென்று தனி கிளினிக் தொடங்கிவிட்டார். இன்று நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐசிஎம்ஆர்) ஆய்வு. தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் வந்த 2021இலிருந்து மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. ஊசியைச் சரியாகப் போடும் பழக்கம் அப்படி வந்து சேராது. அதற்கு இந்த மேசைக்கு வந்தாக வேண்டும்.

அந்த ஊசிப் பாடம் இருக்கிறதே, அதை நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். அரசு மருத்துவமனையில் தரும் இன்சுலின் குப்பியில் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்குரிய சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. ஆரஞ்சு மூடி போட்டது 100 யூனிட் மருந்துக்கானது. ஒரு அண்ணன் வெளியில் வாங்கிய சிரிஞ்சை நீட்டுகிறார். ஆரஞ்சு மூடி! சிஸ்டர் அதை வெளிச்சத்தில் பிடித்து, "இதுல 20 கோடு வரைக்கும் இழுத்தா உடம்புக்குள்ள போறது 8 யூனிட்தான் அண்ணா. மாசக்கணக்கா சுகர் ஏன் இறங்கலைன்னு இப்போ புரியுதா?" என்கிறார். அண்ணனின் மனைவி சட்டென்று பையிலிருந்து நோட்டை எடுத்துக் குறித்துக்கொள்கிறார். மாதக்கணக்காகத் தீராத சிக்கல், ஒரு மூடியின் நிறத்தைப் பார்த்ததும் தீர்ந்துவிட்டது. எனக்குக் கைதட்டத் தோன்றியது.

பிறகு பயிற்சி. கலங்கலான இன்சுலினைக் குலுக்கக் கூடாது, உள்ளங்கைகளுக்கு நடுவே மெதுவாக உருட்ட வேண்டும். தொப்புளைச் சுற்றி இரண்டு விரல் இடம் விட வேண்டும். ஒரே இடத்தில் குத்திக்கொண்டிருந்தால் சதை கட்டிப்போய் மருந்து சரியாக இறங்காது. பயந்து பயந்து வந்த அம்மா ஒருவர் சாத்துக்குடியில் ஊசியை இறக்கிவிட்டு, "அவ்ளோதானா?" என்று சிரிக்கிறார். பிரிட்ஜ் இல்லாத வீட்டுக்கும் வழி உண்டு: ஈர மணல் பரப்பிய பானைக்குள் இன்னொரு சிறு பானை, அதற்குள் குப்பி.

இப்போது அந்தப் பொட்டலங்கள்! வியர்த்துக் கொட்டினால், கை நடுங்கினால், திடீரென்று அகோரப் பசி எடுத்தால் ரத்தச் சர்க்கரை 70க்குக் கீழே போயிருக்கலாம். உடனே பொட்டலத்தைப் பிரித்து வாயில் போட்டுத் தண்ணீர் குடிக்க வேண்டும். 15 நிமிடத்தில் சரியாகாவிட்டால் இன்னொன்று. சரியானதும் சாப்பாடு. "சுகர்காரனுக்குச் சர்க்கரையா?" என்று தாத்தா ஒருவர் தயங்குகிறார். "அந்த நேரத்துல அதுதான் ஐயா மருந்து" என்று அவர் சட்டைப்பையில் சிஸ்டரே ஒன்றைச் செருகிவிடுகிறார். மயங்கிக் கிடப்பவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றக் கூடாது, அப்போது 108 ஆம்புலன்ஸ்தான் என்பதைப் பேரப்பிள்ளைகளைச் சத்தமாகத் திருப்பிச் சொல்லவைக்கிறார்.

கடைசியாகக் கால். கண்ணை மூடச் சொல்லிவிட்டு நைலான் இழையைப் பாதத்தில் வைத்து அழுத்துகிறார். 10 கிராம் அழுத்தம் பட்டதும் இழை வளையும். உணர்ச்சி இருந்தால் "தெரியுது" என்று சொல்லிவிடலாம். ஆட்டோ ஓட்டும் ஒரு பெரியவர் கட்டைவிரல், நடுப்பாதம், இன்னும் இரண்டு இடங்களில் தொட்டும் பேசாமல் இருக்கிறார். சிஸ்டர் அவர் செருப்பை எடுத்துக் கவிழ்த்துத் தட்டுகிறார். கடலைப் பருப்பளவு ஜல்லிக்கல் ஒன்று தரையில் உருள்கிறது. அதன்மேல்தான் காலையிலிருந்து நடந்திருக்கிறார்! டாக்டரிடம் காலைக் காட்டச் சொல்லிச் சீட்டில் சிவப்பு மையில் எழுதுகிறார் சிஸ்டர். ராத்திரி கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்க்க வேண்டும் என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் கூடம் முழுக்க டப் டப்பென்று சத்தம். அத்தனை பேரும் செருப்பைக் கழற்றிக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருக்கிறார்கள். லேபிலிருந்து இரண்டாவது ரத்தத்துக்குக் கூப்பிடுவதுகூட யார் காதிலும் விழவில்லை!